ஆன்ட்ரூ வையெத்: முட்டை மஞ்சள் கருவில் எழுபது ஆண்டுகள்

புல்வெளியில் தரையில் கிடக்கும் ஒரு பெண் தொலைவிலுள்ள வீட்டை நோக்கும் 'கிறிஸ்டினாவின் உலகம்' ஓவியத்தைப் பார்த்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. இதை வரைந்த ஆன்ட்ரூ வையெத் யார்? புல்லைக்கூட ஒவ்வொரு தாளாக எப்படி வரைந்தார்? அதே முறையில் இன்று ஒருவர் வரைந்து பார்க்க முடியுமா? மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய வேகம், நிறத் தேர்வு, எதை வரைந்தார், எதைத் துடைத்து எறிந்தார் என்பதெல்லாம் அவர் தேர்ந்தெடுத்த ஊடகத்தோடு பின்னிக் கிடக்கின்றன. எக் டெம்பரா, அதாவது முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம், அவருக்கு இருபது வயதுக்கு முன்பே அறிமுகமானது. தொண்ணூற்றொரு வயதில் இறக்கும் வரை அதை அவர் விடவில்லை.

முதலில் வாழ்க்கை. 1917 ஜூலை 12 அன்று பென்சில்வேனியாவில் சாட்ஸ் ஃபோர்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை என்.சி. வையெத் அந்தக் காலத்து அமெரிக்காவின் புகழ்பெற்ற நூல் ஓவியர்களில் ஒருவர். 1911இல் 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவலுக்கு அவர் வரைந்த படங்கள் இன்றும் அச்சில் இருக்கின்றன. ஐந்து பிள்ளைகளில் ஆன்ட்ரூதான் கடைக்குட்டி. உடம்புக்கு முடியாத பிள்ளை என்பதால் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பதினைந்து வயது வாக்கில் தந்தையின் பட்டறையில் முறையான பயிற்சி தொடங்கியது. கனசதுரம், உருளை, கோளம், சுண்ணச் சிலைகள், பிறகு நிலக்காட்சி என்று வரிசையாகப் போகும் கண்டிப்பான பயிற்சி அது. வேறு எந்த ஓவியக் கல்லூரிக்கும் அவர் போனதில்லை.

1937இல் நியூயார்க்கின் மேக்பெத் கேலரியில் முதல் தனிக்கண்காட்சி நடந்தது. மெய்ன் மாநிலக் கடற்கரையை நீர்வண்ணத்தில் வரைந்த படங்கள் அத்தனையும் விற்றுப்போயின. அப்போது வயது இருபது. வேறு யாராக இருந்தாலும் அதே பாணியைத் தொடர்ந்திருப்பார்கள். அவருக்கோ அந்தப் படங்கள் சுலபமாக வந்துவிட்டவையாகத் தோன்றின. வேகமும் பளிச்சென்ற நிறமும் கைக்கு எளிதாக வருகிற வித்தை மட்டும்தானா என்ற சந்தேகம் அவரை டெம்பரா பக்கம் தள்ளியது. அந்த முறையைக் கற்றுக்கொடுத்தவர் மூத்த அக்கா ஹென்ரியட்டின் கணவரான பீட்டர் ஹர்ட். நியூ மெக்சிகோக்காரரான ஹர்ட், என்.சி.யிடம் படித்தவர். மாமனாருக்கும் மைத்துனருக்கும் டெம்பராவை அறிமுகப்படுத்தியதே அவர்தான்.

1939இல் மெய்னில் பெட்ஸி ஜேம்ஸைச் சந்தித்தார். பெட்ஸிக்கு அப்போது பதினேழு வயது. பார்த்த முதல் நாளே அவரைக் குஷிங் என்ற ஊரிலிருந்த ஓல்சன் வீட்டுக்கு அழைத்துப் போய்க் கிறிஸ்டினா ஓல்சனை அறிமுகம் செய்து வைத்தார் பெட்ஸி. அடுத்த ஆண்டு திருமணம். வையெத்தின் வாழ்க்கையில் பெட்ஸியின் பங்கை மனைவி என்ற ஒரு சொல்லில் அடக்க முடியாது. பல படங்களுக்குத் தலைப்பு வைத்தவர், கணக்கும் ஆவணமும் பார்த்தவர், எதை விற்பது என்று முடிவு செய்தவர் எல்லாம் அவர்தான். 1943இல் 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' இதழின் அட்டைக்கு வையெத் ஒரு படம் வரைந்தார். தொடர்ந்து அட்டைப்படம் வரைய ஒப்பந்தம் வந்தபோது வேண்டாம் என்று உறுதியாக நின்றவரும் பெட்ஸிதான். தந்தையைப் போலப் பத்திரிகை ஓவியராக ஆகியிருக்கக்கூடிய பாதை அங்கே அடைபட்டது.

1945 அக்டோபர் 19 அன்று சாட்ஸ் ஃபோர்ட் அருகே ஒரு ரயில்வே கேட்டில் தந்தையின் கார் மீது ரயில் மோதியது. தந்தையோடு காரில் இருந்த, இன்னும் நான்கு வயது நிரம்பாத அண்ணன் மகனும் இறந்தான். அதற்கு முன் வையெத்திடம் கைத்திறன் இருந்தது, அதற்குப் பிறகு சொல்ல ஒரு விஷயமும் இருந்தது என்பது என் கணிப்பு. அடுத்த குளிர்காலத்தில் அவர் வரைந்த 'விண்ட்டர் 1946' படத்தில், பழுப்பேறிய புல் மூடிய குன்றிலிருந்து ஒரு சிறுவன் தடுமாறி ஓடி இறங்குகிறான். கார்ல் கெர்னர் என்ற விவசாயியின் பண்ணையிலுள்ள குன்று அது. தந்தை இறந்த இடம் அதன் மறுபக்கத்தில் இருக்கிறது. தந்தையை ஒரு முறைகூட வரையாமல் விட்டோமே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அந்தக் குன்றே தந்தையின் உருவப்படமாக ஆகிவிட்டது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். படம் இப்போது ராலே நகரில், வட கரோலினா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதன் பிறகு அவர் உலகம் இரண்டே இடங்களுக்குள் சுருங்கியது. குளிர்காலத்தில் சாட்ஸ் ஃபோர்டில் கெர்னர் பண்ணை, கோடையில் மெய்னில் ஓல்சன் வீடு. ஐரோப்பாவுக்குப் போய்ப் படிக்க வேண்டும், புது இடம் தேட வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. கார்ல் கெர்னர் முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் இயந்திரத் துப்பாக்கி வீரராக இருந்தவர். பிறகு அமெரிக்காவில் குடியேறி விவசாயம் செய்தார். அவரையும் அவர் மனைவி அன்னாவையும் அந்தப் பண்ணை வீட்டையும் வையெத் பல பத்தாண்டுகள் வரைந்தார்.

இனி 'கிறிஸ்டினாவின் உலகம்'. 1948இல் வரைந்தது. பலகை மீது டெம்பரா. அளவு 81.9 × 121.3 செ.மீ. படத்தில் இருப்பவர் இளம்பெண் என்றே பலரும் நினைக்கிறார்கள். கிறிஸ்டினாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியை ஏற்க மறுத்து, வீட்டிலும் வயலிலும் கைகளை ஊன்றித் தவழ்ந்தே போவார். இளம்பிள்ளை வாதம் என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். சார்க்கோ-மேரி-டூத் என்ற மரபுவழி நரம்பு நோயாக இருக்கலாம் என்று 2016இல் ஒரு நரம்பியல் மருத்துவர் விளக்கினார். அவர் வயலில் தவழ்ந்து போவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்ததுதான் படத்துக்கு வித்து.

ஆனால் பார்த்ததை அவர் அப்படியே வரைந்துவிடவில்லை. கைகளும் மணிக்கட்டும் கிறிஸ்டினாவுடையவை. அவற்றுக்காகத் தனியே பென்சில் ஆய்வுகள் செய்தார். உடம்புக்கு நின்றவர் இருபதுகளில் இருந்த பெட்ஸி. வீட்டை அதன் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்தெடுத்து, நிலத்தின் அமைப்பையும் மாற்றினார். புல்வெளியில்தான் அதிக காலம் செலவழிந்தது. உருவம் கடைசியில்தான் வந்தது. அந்த ஆண்டே நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1,800 டாலருக்கு வாங்கியது.

படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் முறை புரியும். அடியில் மெல்லிய, பரவலான பழுப்பு வண்ணப் பூச்சு இருக்கிறது. அதன் மேல் இருண்ட கோடுகள், அதற்கும் மேல் காவியும் வெளிர்மஞ்சளுமாக முடியளவு மெல்லிய கோடுகள். ஒரு கோடு இன்னொன்றை முழுக்க மறைப்பதில்லை. இடையிடையே அடிப்பூச்சு எட்டிப் பார்க்கிறது. புல்லுக்கு ஆழம் வருவது அந்த இடைவெளிகளால்தான். வையெத் டெம்பரா படங்களைப் பெரும்பாலும் ஆரவாரமாகவே தொடங்குவார். பெரிய தூரிகையால் நீர்த்த வண்ணத்தை வீசி அடித்து, தெறிக்க விட்டு, அதன் மேல் நுணுக்கத்தை ஏற்றுவார். நுணுக்கத்தை மட்டும் நகலெடுப்பவர்களின் படங்கள் உயிரில்லாமல் போவதற்குக் காரணம் அந்த முரட்டு அடித்தளம் அவர்களிடம் இல்லாததுதான்.

இப்போது செய்முறை. வையெத் பயன்படுத்தியவை மூன்றே பொருட்கள்: உலர் வண்ணப்பொடி, காய்ச்சி வடித்த நீர், முட்டை மஞ்சள் கரு. கடையில் டெம்பரா என்று பாட்டிலில் விற்கும் பள்ளிக்கூட வண்ணம் வேறு சமாச்சாரம். அதில் முட்டை கிடையாது.

முதலில் பலகை. துணி ஆகாது. முட்டை வண்ணம் காய்ந்தபின் வளையாது, துணி அசைந்தால் விரிசல் விடும். எனவே விறைப்பான ஹார்ட்போர்டு பலகை வேண்டும். வையெத்தும் அப்படிப்பட்ட பலகையில் கெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசித்தான் வரைந்தார். அந்தக் கெஸ்ஸோவுக்கு ஒரு லிட்டர் நீரில் சுமார் 70 கிராம் முயல்தோல் பசையை இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மெதுவாகச் சூடாக்கிக் கரைக்க வேண்டும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடக்கூடாது, கொதித்தால் பசை பலம் இழக்கும். இந்தப் பசைநீரைப் பலகையின் இரு பக்கமும் ஒரு முறை பூசிக் காய விட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளைந்துவிடும். பிறகு மீதிப் பசைநீரில் சலித்த சுண்ணக்கட்டித் (சாக்) தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். பசைநீரைப் போல ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு கொள்ளும். பாலாடைப் பதம் வரும்போது நிறுத்தலாம். கலக்கும்போது நுரை எழக்கூடாது; அந்தக் குமிழ்கள்தான் காய்ந்தபின் ஊசித் துளைகளாக நிற்கும். ஆறு முதல் எட்டுப் பூச்சு, ஒவ்வொன்றும் முந்தைய பூச்சுக்குக் குறுக்காக, ஒரே நாளில் முடிய வேண்டும். சில நாள் உலர்ந்தபின் 220 எண் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை தேய்த்தால் தந்தம் போன்ற பரப்பு கிடைக்கும்.

இந்த இடத்தில் பலர் குறுக்கு வழி தேடி அக்ரிலிக் கெஸ்ஸோ பூசுகிறார்கள். அது போதிய அளவு உறிஞ்சாது. முட்டை வண்ணம் பிடிப்பில்லாமல் மேலே உட்கார்ந்து, மாதங்கள் கழித்துச் செதிலாக உரியும். பாரம்பரியக் கெஸ்ஸோவிலும் பசை அதிகமானால் விரிசல் விடும், குறைந்தால் மாவாக உதிரும்.

அடுத்து முட்டை. வெள்ளைக் கருவைப் பிரித்துவிட்டு, மஞ்சள் கருவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெற்றுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டால் ஒட்டியிருக்கும் வெள்ளை முழுக்கப் போய்விடும். பிறகு மஞ்சளின் மேல்தோலை இரு விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்து, அடியில் கத்தி முனையால் குத்தி, உள்ளிருப்பதைக் கிண்ணத்தில் இறக்க வேண்டும். தோல் உள்ளே விழுந்தால் வண்ணத்தில் திரிதிரியாக நிற்கும். ஒரு மஞ்சள் கரு சுமார் ஒரு மேசைக்கரண்டி தேறும். அதே அளவு நீர் சேர்க்கலாம். மஞ்சள் நிறம் நீல வானத்தைப் பச்சையாக்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம், சில நாளில் வெளுத்துவிடும். கலவை அன்றன்றைக்குத்தான். குளிர்பெட்டியில் ஓரிரு நாள் தாங்கும், வெயிலில் ஒரே நாளில் நாறும்.

வண்ணப்பொடியைக் கண்ணாடி மேல் நீர் விட்டு அரைத்துக் களிம்பாக வைத்துக்கொள்ள வேண்டும். வரையும்போது களிம்பும் முட்டைக் கலவையும் ஏறத்தாழச் சம பங்கு. இது தோராயமான கணக்குதான். அம்பர் போன்ற மண் நிறங்கள் கூடுதல் முட்டை குடிக்கும். விளக்குக் கரி நீரில் நனையாமல் மிதக்கும், ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் இறங்கும். அளவு சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கலந்த வண்ணத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி, காய்ந்ததும் பிளேடால் சுரண்ட வேண்டும். தோல்போல நெளிந்து எழுந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் முட்டை போதவில்லை, பிசுபிசுத்தால் அதிகம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். ஆண்டுகள் கழித்துத் தெரியவரும் பழுது இந்த ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். காட்மியம், ஈயம் கலந்த பொடிகளைத் தொடுவதானால் முகக்கவசம் கட்டாயம்.

வரையும்போது மறக்கக்கூடாத ஒன்று, இந்த வண்ணம் நொடிகளில் காய்ந்துவிடும் என்பது. எண்ணெய் வண்ணம்போல இரண்டு நிறத்தை இழைத்துக் கலக்க முடியாது. கூர்முனைத் தூரிகையில் வண்ணம் எடுத்து, துணியில் பிழிந்து, சிறு சிறு கோடுகளாகப் போட வேண்டும். ஈரத்தின் மேல் திரும்பத் தடவினால் கீழ்ப்பூச்சு பெயர்ந்து வெள்ளைக் குழி விழும். அப்படி விழுந்தால் உடனே சரிசெய்யப் போகாமல், நன்கு காய்ந்தபின் அந்த இடத்தில் மட்டும் கோடுகளை நிரப்பிக் கொண்டுவர வேண்டும். தடிமனாக அப்பினால் வெடிக்கும். காய்ந்த நிறம் ஈரத்தில் இருந்ததைவிட வெளிறித் தெரியும், எண்ணெய் வண்ணத்தின் ஆழ்ந்த கருமை கிடைக்கவே கிடைக்காது. வையெத்தின் படங்களில் காவியும் பழுப்பும் மங்கிய பச்சையும் ஆள்வதற்கு அவருடைய மனநிலையைக் காரணமாகச் சொல்வார்கள். ஊடகமும் அதே பக்கம்தான் இழுக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று டெம்பராதான் அவரால் முடிந்தது என்பதற்கும் இதுவே விளக்கம்.

முடித்த படம் தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே இறுகப் பல மாதங்கள் ஆகும். அதுவரை நகம் பட்டாலே கீறும். ஆண்டுகள் போனபின் சில டெம்பரா படங்களின் மேல் வெள்ளைப் படலம் பூக்கும். மஞ்சள் கருவிலுள்ள கொழுப்பு அமிலங்கள் மேலே கசிந்து உறைவதால் வருவது அது. பூஞ்சணம் என்று தவறாக நினைத்து ஈரத்துணியால் துடைத்தால் படம் கெடும். பாதுகாப்பு வல்லுநர்கள் மென்தூரிகையால் நீக்குகிறார்கள். சில படங்களில் மறுபடியும் பூக்கிறது.

டெம்பராவுக்கும் நீர்வண்ணத்துக்கும் நடுவே டிரைபிரஷ் என்ற முறையையும் வையெத் கையாண்டார். நீர்வண்ணத் தூரிகையை விரலால் பிழிந்து, ஈரம் பெரும்பாலும் போனபின், பிரிந்து நிற்கும் முடிகளால் நெசவுபோலக் கோடிழைப்பது. வேகமான நீர்வண்ணத்தில் கிடைத்த உணர்ச்சியை நிதானமாக இறுக்க அவர் கண்ட வழி அது.

எதை நீக்கினார் என்பதற்கு வருகிறேன். வையெத்தைப் புகைப்பட ஓவியர் என்பவர்கள் 1959இல் வரைந்த 'கிரவுண்ட்ஹாக் டே' படத்தின் முன்வரைவுகளைப் பார்க்க வேண்டும். கெர்னர் வீட்டுச் சமையலறை, ஜன்னல் வெயில், மேசை. முதல் வரைவுகளில் அன்னா இருக்கிறார், வீட்டு நாயும் இருக்கிறது. கடைசிப் படத்தில் இருவரும் இல்லை. மேசையில் ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு கத்தி. ஜன்னலுக்கு வெளியே வெட்டிப் போட்ட மரத்துண்டு, அதன் பிளந்த முனை பற்களைப்போல நிற்கிறது. நாயின் மூர்க்கம் அந்த மரத்துக்குள் போய்விட்டது. 1957இல் வரைந்த 'பிரவுன் ஸ்விஸ்' என்பது ஒரு மாட்டினத்தின் பெயர். படத்தில் ஒரு மாடுகூட இல்லை.

1947இல் வரைந்த 'விண்ட் ஃப்ரம் தி சீ' படமும் இந்த வகைதான். ஓல்சன் வீட்டின் மேல்மாடியில் நெடுநாள் மூடிக்கிடந்த ஜன்னலைத் திறந்தார். கடற்காற்றில் கிழிந்த சரிகைத் திரை எழுந்தது. அவசரமாகக் குறித்துக்கொண்டார். பிறகு அதே மாதிரிக் காற்றுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார். மனிதர் யாரும் இல்லாத அந்தப் படம் கிறிஸ்டினாவின் உருவப்படம் என்றே தோன்றுகிறது. அவருடைய ஒரே படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், புகழ்பெற்ற புல்வெளியைவிட இதையே நான் முன்வைப்பேன்.

விருதுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1963இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம்; ஓவியர்களில் அதைப் பெற்ற முதல்வர் அவர். 1976இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், கெர்னர், ஓல்சன் என்ற இரு உலகங்களையும் காட்டும் பெரிய கண்காட்சி. 2007இல் தேசியக் கலைப் பதக்கம்.

1986இல் எழுந்த ஹெல்கா பரபரப்பு இதைவிடப் பெரிது. கார்ல் கெர்னரைக் கவனித்துக்கொண்ட ஹெல்கா டெஸ்டோர்ஃபை 1971 முதல் 1985 வரை, ஊருக்குத் தெரியாமல், 240க்கும் மேற்பட்ட படைப்புகளில் வரைந்திருந்தார். டைம், நியூஸ்வீக் இரண்டும் ஒரே வாரத்தில் அட்டையில் போட்டன. அடுத்த ஆண்டு வாஷிங்டன் தேசியக் காட்சியகத்தில் கண்காட்சி. வதந்தியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதில் பெரும்பகுதி பென்சில் வரைவுகளும் நீர்வண்ணமும்தான், டெம்பரா மிகச் சில. ஒரே முகத்தைப் பதினைந்து ஆண்டுகள் பார்த்தவரின் பயிற்சி ஏடாக அதை வாசிப்பதே பயன் தரும்.

விமர்சகர்களுக்கும் அவருக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. அரூப ஓவியம் கோலோச்சிய காலத்தில் பண்ணை வீட்டை வரைந்தவரைப் பழமைவாதி என்று ஒதுக்கினார்கள். 1977இல் ஒரு கலை இதழ், நூற்றாண்டின் மிகையாகப் புகழப்பட்ட ஓவியர் யார், போதிய மதிப்புப் பெறாதவர் யார் என்று கேட்டபோது, கலை வரலாற்றாசிரியர் ராபர்ட் ரோசன்ப்ளம் இரண்டுக்கும் வையெத்தின் பெயரையே சொன்னார். மக்கள் கொண்டாடியது ஏக்கத்தை, விமர்சகர்கள் வெறுத்ததும் அதையேதான். இரு தரப்பும் படங்களில் இருக்கிற கடுமையைப் பார்க்கவில்லை என்பேன்.

1989இல் வரைந்த 'ஸ்னோ ஹில்' படத்தில் அந்தப் பழைய குன்றின் மேல், பனியில், அவருக்கு மாடலாக இருந்தவர்கள் கம்பத்தைச் சுற்றிக் கைகோத்து ஆடுகிறார்கள். கார்ல் அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார், படத்தில் ஆடுகிறார். 1946இல் குன்றிலிருந்து ஓடி இறங்கிய பையனாக நின்ற ஆலன் லிஞ்சும் இருக்கிறார். ஒரு ரிப்பன் மட்டும் யார் கையிலும் இல்லாமல் பறக்கிறது.

வையெத் 2009 ஜனவரி 16 அன்று சாட்ஸ் ஃபோர்டில் இறந்தார். புதைத்தது மெய்னில், ஓல்சன் வீட்டின் அருகே உள்ள சிறு கல்லறைத் தோட்டத்தில். அந்த வீடு இப்போது ராக்லாந்து நகரின் ஃபார்ன்ஸ்வொர்த் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் சாட்ஸ் ஃபோர்டில் உள்ள பிராண்டிவைன் அருங்காட்சியகத்தில் தொடங்கலாம். தந்தை, மகன், பேரன் ஜேமி ஆகிய மூன்று தலைமுறையின் படங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நீர்வண்ணப் படங்கள் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் அவற்றைச் சுழற்சி முறையில்தான் வெளியே வைப்பார்கள். குறிப்பிட்ட ஒரு படத்துக்காகப் போகிறவர்கள் அது அப்போது காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. 'கிரவுண்ட்ஹாக் டே' அங்கிருந்து அதிக தூரமில்லாத பிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது, 'விண்ட் ஃப்ரம் தி சீ' வாஷிங்டனில். அச்சுப் பிரதிகளை நம்பி நிறத்தை முடிவு செய்ய வேண்டாம். டெம்பராவின் பளபளப்பற்ற மேற்பரப்பு வழவழப்பான தாளில் வராது, அதன் பழுப்புகள் பெரும்பாலும் மஞ்சளாகத் திரிந்துதான் அச்சாகின்றன.